பந்து போன பாதை – 17
ஒரு வண்டி, எட்டு ஓட்டுநர்கள்

நாமக்கல்லில் 'எஃப்சி' என்று சொன்னால் யாருக்கும் கால்பந்து நினைவுக்கு வராது. "வண்டி எஃப்சிக்கு நிக்குதுங்க" என்றால், லாரிக்குப் பெயின்ட் அடித்து, பிரேக் பார்த்து, தகுதிச் சான்று வாங்க ஆர்டிஓ ஆபீஸுக்குக் கொண்டுபோகும் வேலை நடக்கிறது என்று பொருள்.

2018 மார்ச் 17 இரவு. பாடி கட்டும் பட்டறையை ஒட்டிய ஒரு டீக்கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. 'சென்னையின் எஃப்சி' என்று வர்ணனையில் கேட்டதும், பக்கத்து பெஞ்சில் இருந்த டிரைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏனுங்க, சென்னைக்கே எஃப்சி எடுக்கோணுமாங்க?"

கடையே சிரித்தது. சற்று நேரத்தில் நரைத்த தலை வெள்ளைக்காரர் ஒருவரைத் திரையில் காட்டினார்கள். டிரைவருக்கு அடுத்த கேள்வி.

"அவரு யாருங்க?"

"டீமோட கோச்சுங்க. ஜான் கிரிகோரி. இங்கிலாந்துக்காரரு."

"பந்தையே தொடக் காணோம். அவருக்கு எதுக்குங்க சம்பளம்?"

பாலை ஆற்றிக்கொண்டே கடைக்காரர் பதில் சொன்னார்: "லாரி ஆபீஸ்ல இருக்கற மேனேஜர் என்னிக்குங்க ஸ்டியரிங் புடிச்சாரு?"

சென்ற அத்தியாயத்தைக் கோவை நேரு ஸ்டேடியத்தில் முடித்தோம். 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, சிங்கப்பூர்ப் பயிற்சியாளர் அக்பர் நவாஸின் சென்னை சிட்டி அணி ஐ-லீக் கோப்பையைத் தூக்கியது. இந்த வாரம் தலைநகரின் இன்னொரு அணிக்குப் போகிறோம். அதன் வரலாற்றை ஆட்டக்காரர்களை வைத்தும் சொல்லலாம், முதலாளிகளை வைத்தும் சொல்லலாம். நான் அந்த டீக்கடைக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகிறேன். பந்தைத் தொடாத அந்த மனிதர் மேனேஜரா, டிரைவரா?

மேனேஜர் பிறந்த கதை

இங்கிலாந்தில் இந்தப் பதவி கிளப்புகளோடு சேர்ந்து பிறக்கவில்லை. ஜான் கிரிகோரி பின்னாளில் பொறுப்பேற்ற ஆஸ்டன் வில்லாவையே எடுத்துக்கொள்வோம். 1874-இல் பர்மிங்ஹாமில் தொடங்கிய கிளப் அது. அணியில் யார் ஆடுவது என்பதை நிர்வாகக் குழு கூடித் தீர்மானிக்கும். கடிதம் எழுத, ஆள் பிடிக்க, ஏற்பாடுகளைக் கவனிக்க ஒரு செயலாளர் இருப்பார். ஜார்ஜ் ராம்சே 1884 முதல் 1926 வரை, 42 ஆண்டுகள், அந்த நாற்காலியில் இருந்தார். 'மேனேஜர்' என்ற பெயரில் வில்லா முதல் ஆளை அமர்த்தியது 1934-இல்தான். அதற்குள் லண்டனில் ஆர்சனல் அணிக்கு 1925-இல் வந்த ஹெர்பர்ட் சாப்மன், ஆட்டக்காரர்களை வாங்குவது முதல் ஆட்ட முறை வரை எல்லாவற்றையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்திருந்தார். இங்கிலாந்து மேனேஜர் என்றால் எந்த வண்டி வாங்குவது, யாரை வேலைக்கு வைப்பது, எந்த லோடு ஏற்றுவது என்று முடிவு செய்பவர். டீக்கடைக்காரர் சொன்ன லாரி ஆபீஸ் மேனேஜர் அவரேதான்.

வில்லாவின் கதையில் இன்னொரு திருப்பத்தையும் நினைவில் வையுங்கள், கடைசியில் உதவும். 1974-இல் வந்த ரான் சாண்டர்ஸ், 1980-81 பருவத்தில் 42 ஆட்டங்களுக்கும் சேர்த்து 14 ஆட்டக்காரர்களை மட்டுமே இறக்கி லீக் பட்டம் வென்றார். 1982 பிப்ரவரியில், ஒப்பந்தத் தகராறில் பாதிப் பருவத்தில் விலகிப் போனார். அவருக்குத் துணையாக இருந்த டோனி பார்ட்டன் பொறுப்பை ஏற்றார். அதே ஆண்டு மே 26 அன்று ராட்டர்டாமில் பேயர்ன் மியூனிக்கை 1-0 என்று வென்று வில்லா ஐரோப்பியக் கோப்பையைப் பெற்றது. உலகம் சாண்டர்ஸைப் பேசுகிறது. கோப்பையைக் கொண்டுவந்தவர் பக்கத்து சீட்டில் இருந்தவர்.

முதல் ஓட்டுநர்: பச்சை குத்திய இத்தாலியர்

2014 ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி பிறந்தது. அபிஷேக் பச்சன், விட்டா டானி, மகேந்திர சிங் தோனி ஆகியோர் முதலாளிகள். சொந்த மைதானம் பெரியமேடு ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம். நம் ஊர்க்காரர்களுக்கு அதில் ஒரு சௌகரியம். ஆட்டம் முடிந்து சென்ட்ரலுக்கு நடந்து, இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸைப் பிடித்தால் விடியும்போது சேலம்.

முதல் பயிற்சியாளர் மார்கோ மாட்டராஸி. 2006 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஜினெதின் ஜிதேனிடம் நெஞ்சில் முட்டு வாங்கியவர் என்றால் எல்லோருக்கும் தெரியும். அதே ஆட்டத்தில் இத்தாலியின் கோலை அடித்தவரும் அவர்தான் என்பது பலருக்கு மறந்துபோனது. 1998-99-இல் இங்கிலாந்தின் எவர்ட்டனில் ஒரு பருவம் ஆடியிருக்கிறார். சென்னைக்கு ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் சேர்ந்தே வந்தார். ஸ்டியரிங்கையும் பிடித்து, லோடையும் இறக்கும் ஆள்.

அந்த ஆண்டு ஐஎஸ்எல் என்ற இந்தியன் சூப்பர் லீக் இரண்டரை மாதத்தில் முடிந்துவிடும் திருவிழா. களத்தில் ஆறு வெளிநாட்டவர் வரை ஆடலாம். பிரேசிலின் எலானோ எட்டு கோல்கள் அடித்துத் தங்கக் காலணி வென்றார். 14 ஆட்டங்களில் 23 புள்ளிகளுடன் சென்னை முதலிடம். அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் கொச்சியில் 0-3 தோல்வி. சென்னையில் அதே மூன்று கோல்களைத் திருப்பிக் கொடுத்து, கூடுதல் நேரத்தில் ஸ்டீபன் பியர்சன் அடித்த ஒரே கோலில் எல்லாம் போயிற்று.

அடுத்த ஆண்டு வேறு விதம். அணி சரிந்து பட்டியலின் அடிக்கே போய்விட்டது. பிறகு கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வரிசையாக வென்று அரையிறுதிக்குள் நுழைந்தது. அதே வாரங்களில்தான் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. சொந்த மண்ணில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆடி, கொல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள். டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபட்டோர்டாவில் இறுதியாட்டம். எதிரணியின் பயிற்சியாளர் பிரேசில் மேதை ஜிக்கோ. 87-ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முந்தியது. 90-ஆவது நிமிடத்தில் கோவா கோல்காப்பாளர் கட்டிமணியின் சொந்தக் கோல். அடுத்து, கூடுதலாகக் கொடுத்த நேரத்தில் கொலம்பியாவின் ஸ்டீவன் மெண்டோசா. 3-2. வெள்ளம் வடிந்த வீடுகளில் ஈரச் சுவருக்கு முன்னால் அமர்ந்து பார்த்தவர்கள் அந்த மூன்று நிமிடங்களை இன்றும் சொல்வார்கள்.

2016-இல் ஏழாமிடம். 2017 மார்ச்சில் மாட்டராஸி விடைபெற்றார்.

வில்லாவிலிருந்து வந்தவர்

ஜான் கிரிகோரிக்கு இங்கிலாந்துக்காக ஆறு ஆட்டங்கள் ஆடிய பெருமை உண்டு. சாண்டர்ஸ் காலத்து வில்லாவில் ஆடியவர். 1998 பிப்ரவரியில் அதே வில்லாவுக்கு மேனேஜராகி, 2000-இல் எஃப்ஏ கோப்பை இறுதி வரை கொண்டுபோனார். பழைய வெம்ப்லியில் நடந்த கடைசி எஃப்ஏ கோப்பை இறுதி அது. செல்சீயிடம் 0-1 தோல்வி.

அவர் சென்னைக்கு வந்த 2017-இல் விதி மாறியிருந்தது. களத்தில் வெளிநாட்டவர் ஐந்து பேர்தான். ஆறு இந்தியர்கள் இருந்தே ஆக வேண்டும். லீக்கும் 10 அணிகள், 18 ஆட்டங்கள் என்று நீண்டது. பெரிய பெயர்களை இறக்கி இரண்டரை மாதத்தில் வேலை முடிக்கும் காலம் போய்விட்டது. முதல் ஆட்டத்தில் சொந்த மைதானத்தில் கோவாவிடம் 2-3 என்று தோற்றார் கிரிகோரி. பருவ முடிவில் 32 புள்ளிகளுடன் இரண்டாமிடம்.

அந்த அணியின் அச்சாணி இந்தியர்கள். மிசோரத்தின் ஜெஜே, ஜெர்ரி. டேராடூனிலிருந்து வந்த இளைஞர் அனிருத் தாபா. கோல்காப்பாளர் கரண்ஜித் சிங். நடுக்களத்தில் வியாசர்பாடிப் பையன் தனபால் கணேஷ். 2018 மார்ச் 13 அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் கோவாவை 3-0 என்று சாய்த்தபோது ஜெஜே இரண்டும், கணேஷ் ஒன்றும் அடித்தார்கள். தெருவில் பந்து உதைத்து வளர்ந்த வடசென்னைக்காரர், அதே நகரத்தின் பெரிய மைதானத்தில் அணியை இறுதிக்கு அனுப்பினார்.

நான்கு நாள் கழித்துப் பெங்களூரு அணியோடு இறுதியாட்டம், அவர்களின் கண்டீரவாவிலேயே. ஒன்பதாவது நிமிடத்தில் பெங்களூரின் சுனில் சேத்ரி தலையால் முட்டிப் போட்டார். டீக்கடையில், "போச்சுடா" என்றது ஒரு குரல். 17-ஆவது நிமிடம், 45-ஆவது நிமிடம்: இரண்டு கார்னர்கள், பிரேசில் தடுப்பாட்டக்காரர் மெய்ல்சன் ஆல்வெஸின் இரண்டு தலைமுட்டுகள். பிறகு ராஃபேல் அகுஸ்டோ. கடைசியில் பெங்களூரின் மீக்கு ஒன்று திருப்பியும், 3-2. இரண்டாவது பட்டம்.

டிரைவர் கேட்ட சம்பளக் கேள்விக்கு அந்த இரண்டு கார்னர்கள் ஒரு பதில். யார் எங்கே நிற்பது, யார் யாரை மறைப்பது, யார் எப்போது ஓடிவந்து எம்புவது என்று பயிற்சியில் வாரக்கணக்காகச் செய்த வேலை ஆட்டத்தில் மூன்று நொடியில் முடிந்துவிடும். பார்ப்பவர்கள் முட்டிய தலையைத்தான் பார்ப்பார்கள்.

ஆனால் அடுத்த பருவம்? அதே மனிதர், 18 ஆட்டங்கள், இரண்டே வெற்றி, ஒன்பது புள்ளிகள். பத்து அணிகளில் பத்தாவது. ஒரே ஆண்டில் ஒருவர் வேலையை மறந்துவிட முடியுமா? 2019-20-இல் முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. ஆறாவது ஆட்டம் முடிந்ததும், நவம்பர் இறுதியில், கிரிகோரி போனார்.

பாதி வழியில் ஏறியவர்

டிசம்பரில் ஓவன் கோய்ல் வந்தார். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் பிறந்தவர். அயர்லாந்துக்காக ஒரு ஆட்டம் ஆடியவர். 2009-இல் பர்ன்லியை 33 ஆண்டுகளுக்குப் பிறகு இங்கிலாந்தின் முதல் நிலை லீக்குக்கு ஏற்றினார். சில மாதங்களிலேயே, 2010 ஜனவரியில், பாதிப் பருவத்தில் போல்ட்டனுக்கு மாறிப் போனார். பர்ன்லி ரசிகர்கள் அவரை யூதாஸ் என்றார்கள்.

சென்னையில் அவர் கைக்கு வந்தது ஆறு ஆட்டங்களில் ஐந்து புள்ளி எடுத்திருந்த அணி. அணி பெரும்பாலும் அதேதான். மிச்சம் 12 ஆட்டங்களில் 24 புள்ளிகள். நான்காமிடம், அரையிறுதி. லிதுவேனியாவின் நெரியஸ் வால்ஸ்கிஸ் 15 கோல்களுடன் தங்கக் காலணி வென்றார். அரையிறுதியில் கோவாவைச் சென்னையில் 4-1 என்று வென்று, அங்கே 2-4 என்று தோற்று, மொத்தக் கணக்கில் 6-5 என்று தப்பினார்கள். எதிரணிப் பெஞ்சில் இருந்த தற்காலிகப் பயிற்சியாளரின் பெயரை மறக்க வேண்டாம்: கிளிஃபர்டு மிராண்டா.

2020 மார்ச் 14 இறுதியாட்டம், ஃபட்டோர்டாவில், கொரோனாவால் பார்வையாளரே இல்லாமல் நடந்தது. காலி நாற்காலிகளுக்கு முன்னால் கொல்கத்தாவின் ஏடிகே 3-1 என்று வென்றது. சில மாதங்களில் கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். 2021-22-இல் அவர்களுக்கு லீக்கில் முதலிடத்துக்கான ஷீல்டும் வென்று கொடுத்தார்.

மூன்று பேர், ஒரே இடம்

இனி வருவது இந்த வரலாற்றின் மிக விசித்திரமான பகுதி. பட்டமும் கோப்பையும் இல்லாததால் அதிகம் பேசப்படாதது.

2020-21: சாபா லாஸ்லோ. உகாண்டா தேசிய அணியையும் ஸ்காட்லாந்தின் ஹார்ட்ஸ் அணியையும் பயிற்றுவித்த ஹங்கேரியர். பருவம் முழுவதும் கோவாவில் அடைபட்டு ஆடிய காலம். 20 ஆட்டங்களில் மூன்று வெற்றி, ஆறு தோல்வி, 11 சமன். எட்டாமிடம்.

2021-22: பொஜிதார் பாண்டோவிச். தாய்லாந்தின் புரிராம் அணிக்குப் பட்டங்கள் வென்று தந்த மாண்டிநீக்ரோக்காரர். பிப்ரவரியில் கோவாவிடம் 0-5. அந்த வாரமே விடைபெற்றார். எட்டாமிடம்.

2022-23: தாமஸ் பிரடாரிச். ஜெர்மனிக்காக ஆடியவர். அதற்கு முன் அல்பேனியாவில் பயிற்சியாளர். 27 புள்ளிகள். எட்டாமிடம்.

மூன்று நாட்டுக்காரர்கள், மூன்று பாணி, மூன்று முறையும் எட்டு. நாமக்கல்லில் மூன்று டிரைவர்களை மாற்றியும் ஒரு வண்டி அதே மைலேஜ் கொடுத்தால், முதலாளி நான்காவது டிரைவரைத் தேடமாட்டார். மெக்கானிக்கைக் கூப்பிட்டு எஞ்சினைத் திறக்கச் சொல்வார். 2021-22 முதல் களத்தில் வெளிநாட்டவர் நான்கு பேர்தான், இந்தியர் ஏழு பேர். உள்ளூரில் ஆள் வளர்த்து வைத்திருக்கும் அணிக்கு அது வசதி; ஆண்டுதோறும் புதிதாக வாங்கிச் சேர்க்கும் அணிக்கு அது இடி.

டீக்கடைக் கேள்விக்கு என் பதில் இங்கேதான் கிடைத்தது. இங்கிலாந்தில் அந்த மனிதர் மேனேஜர். நம் ஊரில் அவருக்குக் கொடுத்த பெயரே 'தலைமைப் பயிற்சியாளர்'. பாடி கட்டி, லோடு ஏற்றி, தார்ப்பாய் போட்ட பிறகு சாவியைக் கையில் கொடுத்து ஏற்றிவிடுகிறார்கள். நல்ல டிரைவர் அந்த வண்டியையும் சில காலம் பறக்க வைப்பார், கோய்ல் வைத்தார். மேடு வந்தால் எஞ்சின் தன் குணத்தைக் காட்டிவிடும். 2023-இல் கோய்லே திரும்பி வந்தபோதும் அதுதான் நடந்தது. முதல் பருவம் ஆறாமிடம், பிளேஆஃபில் கோவாவிடம் 1-2. அடுத்த பருவம் 13 அணிகளில் 11-ஆவது. 2025-இல் இரண்டாம் முறையாக விடைபெற்றார்.

செகண்ட் டிரைவர்

நாமக்கல் லாரி குஜராத்துக்கோ அசாமுக்கோ கிளம்பினால் கேபினில் இரண்டு பேர் இருப்பார்கள். முதல் ஆள் தூங்கும்போது வண்டியை எடுப்பவர் செகண்ட் டிரைவர். ராத்திரி ரோடு முழுக்க அவர் ஓட்டியிருப்பார். காலையில் லோடு இறக்கும் இடத்தில் முதலாளி போனில் கேட்பது முதல் ஆளைத்தான்.

சென்னையின் கேபினில் பல ஆண்டுகள் அந்த இடத்தில் இருந்தவர் சையத் சபீர் பாஷா. சென்னைக்காரர், இந்தியன் வங்கி அணியின் முன்னாள் முன்களவீரர், இந்தியாவுக்கும் ஆடியவர். வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள். உதவிப் பயிற்சியாளராக அவர் பக்கத்து சீட்டில் இருந்தார். 2022 பிப்ரவரியில் பாண்டோவிச் இறங்கியதும், ஏற்கெனவே பஞ்சராகி நின்ற வண்டியை மிச்சமிருந்த சில ஆட்டங்களுக்கு ஓட்டிக் கரை சேர்க்கும் வேலை அவருக்கு வந்தது. டோனி பார்ட்டன் கதை இங்கே நடக்கவில்லை. பார்ட்டனுக்குக் கிடைத்தது சாண்டர்ஸ் ஏழு ஆண்டுகளில் கட்டி முடித்த வண்டி. பாஷாவுக்குக் கிடைத்தது அடுத்த டிரைவர் வரும்வரை என்ற தவணை.

2025-இல் எட்டாவது ஆள் வந்தார். கோவாவின் கிளிஃபர்டு மிராண்டா. டெம்போ அணியின் இடப்பக்க ஓட்டக்காரராக இருந்து இந்தியாவுக்கு ஆடியவர். பாஷாவின் தற்காலிகப் பொறுப்பைத் தவிர்த்துப் பார்த்தால், இந்தக் கிளப்பின் முதல் இந்தியத் தலைமைப் பயிற்சியாளர். அவருடைய வாழ்க்கையும் பக்கத்து சீட்டில் கழிந்ததுதான். 2020-இல் கோவா அணியின் ஸ்பானியப் பயிற்சியாளர் நீக்கப்பட்டதும் தற்காலிகமாக ஏறி, லீக் ஷீல்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, அரையிறுதியில் சென்னையிடம் அந்த 5-6 கணக்கில் தோற்றார். 2023-இல் ஒடிசாவிலும் அப்படியே தற்காலிகமாக ஏறி, சூப்பர் கோப்பை இறுதியில் பெங்களூரை 2-1 என்று வென்றார். பின் மோகன் பகானில் உதவிப் பயிற்சியாளர்.

இப்படி நெடுநாள் காத்திருந்த செகண்ட் டிரைவரின் கைக்குச் சாவி வந்தபோது, ரோடே மூடிக்கிடந்தது. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் லீக்கை நடத்தும் உரிமைக்காக 2010-இல் போட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. புதுப்பிப்பதில் இழுபறி. 2025-26 லீக் குறித்த காலத்தில் தொடங்கவில்லை. பர்மிட் தீர்ந்த லாரிகள் போல எல்லா அணிகளும் ஓரங்கட்டி நின்றன.

அந்த நாட்களில் பழைய டீக்கடைப் பக்கம் போயிருந்தேன். பட்டறையில் புது சேசிஸ் ஒன்று பாடி இல்லாமல் நின்றது. ஆட்கள் மரச்சட்டம் அளந்துகொண்டிருந்தார்கள். 2018-இல் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. அந்த டிரைவர் அங்கே இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்: ஆமாங்க, சென்னைக்கும் எஃப்சி எடுக்கத்தான் வேண்டியிருக்குது.

*(பாதை நீளும். அடுத்த வாரம்: 2019-இல் இந்திய மகளிர் லீக்கை வென்ற மதுரை சேது எஃப்சி)*